வாசல் வரை உடன் செல்லுங்கள்



மது ஹராம் என்பதை நம்மில் அறியாதவர் எவருமில்லை. மிம்பரிலே கேட்டிருக்கிறோம்; மதரஸாவிலே ஓதியிருக்கிறோம். ஆகவே அதை இங்கு விரித்துரைக்கப் போவதில்லை. ஹராம் என்று நன்கறிந்தும் அதில் அகப்பட்டு, வெளியேற வழி தேடி நிற்கும் சகோதரரைப் பற்றியே பேச விரும்புகிறோம்.

அப்படிப்பட்டவர் நம் ஜமாஅத்தில் இருக்கிறாரா என்று கேட்பவர்கள் உண்டு. சென்ற ஆண்டு மஃரிபுக்கு ஒருவர் வந்து கடைசி ஸஃப்பில் நின்றார். வாயில் வாடை. நம்மில் ஒருவர் அவர் கையைப் பிடித்து வெளியே கொண்டுபோய் விட்டார். போதையோடு தொழுகையை நெருங்கலாகாது என்பது அந்நிஸா அத்தியாயத்தில் உள்ள கட்டளை. அதில் நமக்குப் பேச்சில்லை. ஆனால் அவரோடு வெளியே சென்று திண்ணையில் அமர்ந்து, "என்ன தம்பி, எத்தனை நாளாய் இப்படி?" என்று கேட்க நம்மில் ஒருவரும் எழவில்லை.

பல மாதம் கழித்து அவர் மனைவி வந்தார். "விட்டுவிட வேண்டும் என்று ராத்திரியெல்லாம் அழுகிறார். எங்கே போவது என்றுதான் தெரியவில்லை" என்றார். நமக்கும் தெரியவில்லை. அந்த வெட்கத்தில்தான் தேடத் தொடங்கினோம்.

நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் காலத்தில் அப்துல்லாஹ் என்றொருவர் இருந்தார். நாயகத்தைச் சிரிக்க வைப்பவர். குடித்ததற்காக மீண்டும் மீண்டும் கொண்டுவரப்பட்டுத் தண்டனை பெற்றார். ஒருமுறை கூட்டத்தில் ஒருவர் அவரைச் சபித்தார். நாயகம் அதைத் தடுத்து, அவர் அல்லாஹ்வையும் ரசூலையும் நேசிப்பவர் என்று அறிவித்ததாக புகாரியில் பதிவாகியிருக்கிறது. தண்டனையும் நடந்தது, அன்பும் குறையவில்லை. நாமோ முன்னதை மட்டும் கற்றுக் கொண்டோம்.

தேடியதில் தெரிந்ததைச் சொல்கிறோம். ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் என்பது குடியை விட விரும்புவோர் ஒன்றுகூடும் சபை. 1935-ல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரில் ஒரு பங்குத் தரகரும் ஓர் அறுவை மருத்துவரும், இருவருமே குடியால் சீரழிந்தவர்கள், ஒருவரோடு ஒருவர் மனம்விட்டுப் பேசியதில் தொடங்கியது. இன்று சிங்கப்பூரிலும் கோலாலம்பூரிலும் அதன் கூட்டங்கள் நடக்கின்றன. கட்டணம் இல்லை. முழுப்பெயர் கேட்பதில்லை. குடியை விட வேண்டும் என்ற விருப்பம் ஒன்றே போதும். குடிப்பவரின் வீட்டாருக்கென்று 1951-ல் தோன்றிய அல்-அனான் என்ற தனிச் சபையும் உண்டு; நம் தாய்மார்கள் இதைக் குறித்துக் கொள்ள வேண்டும்.

"அந்தக் கூட்டம் சர்ச்சில் நடக்கிறதாமே?" என்றார் நம் பெரியவர் ஒருவர். சில கூட்டங்கள் அப்படித்தான். மண்டபம் கிடைத்த இடம் அது. சபை எந்த மதத்தையும் சார்ந்ததல்ல. இறைவன் என்று அவர்கள் சொல்லும்போது நம்மவர் தம் ரப்பை நினைத்துக் கொள்ளட்டும். பிறர் துஆவின்போது மௌனமாய் இருக்கட்டும். பாவத்தைப் பறைசாற்றலாகாதே என்றால், அதுவும் சரியான கேள்வியே. பெருமைக்குச் சொல்வது வேறு, பரிகாரம் தேடிச் சொல்வது வேறு என்று நமக்குத் தோன்றுகிறது. ஐயமுள்ளோர் தம் ஆலிமைக் கேட்டுக் கொள்க. அங்கே கேட்டதை வெளியே சொல்வதில்லை என்பது அவர்கள் வழக்கம். நம் சாயாக்கடைப் பெஞ்சுக்கு அந்த வழக்கம் இல்லை!

ஒன்றை மறந்துவிட வேண்டாம். பல ஆண்டு மிகுதியாகக் குடித்தவர் வைராக்கியத்தோடு ஒரே நாளில் நிறுத்தினால் உடல் நடுங்கி வலிப்பு வரலாம்; உயிருக்கே ஆபத்தாகலாம். முதலில் மருத்துவர். சிங்கப்பூரில் மனநலக் கழகத்தில் இதற்கென்றே தேசியப் பிரிவு இயங்குகிறது. மலேசியாவில் அரசாங்க மருத்துவமனையின் மனநலப் பிரிவை அணுகலாம்.

கூட்டத்துக்குத் தொலைபேசியில் விசாரிக்கும்போது நாளும் இடமும் கேட்பதோடு, என்ன மொழியில் பேசுவார்கள், உடன் வருபவரை அனுமதிப்பார்களா என்றும் கேளுங்கள். சில கூட்டங்கள் எல்லாருக்கும் திறந்தவை. சில குடிப்பழக்கம் உள்ளோருக்கு மட்டும். விலாசத்தை எழுதிக் கொடுத்துவிட்டுத் திரும்பிவிடாதீர்கள். நாமும் அப்படித்தான் முதலில் செய்தோம். அந்தக் காகிதம் இரண்டு வாரம் அவர் சட்டைப் பையிலேயே கிடந்தது.

பிறகு உடன் போனோம். முதல் நாள் மாடிப்படி வரை வந்து திரும்பிவிட்டார். தேநீர் வாங்கிக் கொடுத்து வீட்டில் விட்டு வந்தோம். அடுத்த வாரம் உள்ளே போனார். நாம் கீழே காத்திருந்தோம். ஒரு மணி நேரம் கழித்து இறங்கி வந்தவர், "மூன்று பேர் என் கதையையே சொன்னார்கள்" என்றார். அதற்கு மேல் பேசவில்லை. நாமும் கேட்கவில்லை.

நான்கு மாதம் தொடாமல் இருந்தவர், போன மாதம் ஓரிரவு மீண்டும் குடித்துவிட்டார். மறுநாள் காலை தாமாகவே நம்மைத் தொலைபேசியில் அழைத்தார். இந்த வியாழக்கிழமையும் போகிறோம். கூட்டம் எட்டு மணிக்கு. மஃரிபைத் தொழுத கையோடு புறப்பட வேண்டும். வண்டியில் இன்னும் இருவருக்கு இடமிருக்கிறது.