குத்துக்கல்லும் வலசையும்

தென்காசியை அடுத்துள்ள குத்துக்கல்வலசையின் பெயரை நாம் பேருந்துப் பலகைகளில் எத்தனையோ முறை படித்திருக்கிறோம். அதன் பொருளை நின்று எண்ணிப் பார்த்ததில்லை. குத்துக்கல் என்பது நட்டு நிறுத்திய கல், இடம் பெயராதது. வலசை என்பதோ இடம் பெயர்தல். பெயர்ந்து வந்தோரின் குடியிருப்பையும் அச்சொல் குறிக்கும். நிலைத்து நிற்கும் கல்லும் நடந்து வந்த மனிதரும் ஒரே பெயருக்குள் இணைந்திருக்கின்றனர். ‘இது எங்கள் மண்’ என்னும் உரிமைக் குரலும், ‘பிறரோடு சேர்ந்து வாழ்வோம்’ என்னும் உறவுக் குரலும் ஒரே உள்ளத்தில் அவ்வாறு இணைந்திருக்க இயலுமா? இன்றைய உலகை அலைக்கழிக்கும் கேள்வி இதுவே.

ஐரோப்பாவில் இக்கேள்வி உரக்கவே ஒலிக்கிறது. பிரான்சுக்கும் செருமனிக்கும் இடைப்பட்ட எல்லைநாட்டு மனிதரான இராபர்ட் சூமான், ஒருகாலத்தில் செருமானியக் குடிமகனாக இருந்தவர். பிரான்சின் வெளியுறவு அமைச்சரான பின், 1950 மே 9 அன்று, இரு நாடுகளின் நிலக்கரியையும் எஃகையும் ஒரே பொது அதிகாரத்தின்கீழ் வைக்க முன்மொழிந்தார். போர்க்கருவிகளின் மூலப்பொருள் பொதுவாகிவிட்டால் போர் எப்படி மூளும்? 1957இல் ஆறு நாடுகள் உரோமையில் உடன்படிக்கை செய்தன. அந்த ஒன்றியத்தையே இன்று பல நாடுகளில் மக்கள் ஐயத்தோடு பார்க்கின்றனர். 2016 சூன் 23 அன்று பிரித்தானிய வாக்காளரில் 51.9 விழுக்காட்டினர் வெளியேறவே வாக்களித்தனர். 2020 சனவரி 31 அன்று அந்நாடு வெளியேறியது.

இதை நாம் தூரத்துச் செய்தியாகக் கொள்ளலாகாது. நம் அண்டை ஊரான செங்கோட்டை 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சியோடு இருந்தது. தம் மொழியில் ஆளப்பட வேண்டும் என்று திருவிதாங்கூர்த் தமிழர் கேட்டனர். 1954இல் துப்பாக்கிச் சூட்டில் உயிரிழந்தோரும் உண்டு. அக்குரல் நியாயமானது, எல்லைக்கல் இடம் மாறியது. ஆயினும் ஆரியங்காவுக் கணவாய் அடைபடவில்லை. இன்றும் நம் காய்கறி கேரளத்துக்குச் செல்கிறது. மேலும், திராவிட நாடு கேட்ட அறிஞர் அண்ணாவின் இயக்கம் 1963இல் பிரிவினையைக் கைவிட்டது. ஆனால் அதற்குக் காரணமான குறைகள் தீர்ந்துவிட்டதாகச் சொல்லவில்லை. வீட்டைவிட்டு வெளியேறாமலே வீட்டுக்குள் நியாயம் கேட்கும் வழியை, மாநிலத் தன்னாட்சி என்னும் பெயரில், அது தேர்ந்துகொண்டது.

ஆகவே, தொலைவிலுள்ள அதிகாரத்தின்மேல் எழும் மனக்குறையைப் பாவம் என ஒதுக்கிவிட முடியாது. அரசர்கள் நூலில் ரெகபெயாமின் வரலாற்றை நாம் அறிவோம். தந்தை சாலமோன் சுமத்திய நுகத்தைச் சற்றே இலகுவாக்குமாறு மக்கள் வேண்டினர். முதியோரின் அறிவுரையைத் தள்ளிவிட்டு, அவன் கடுமொழி பேசினான். பத்துக் குலங்கள் பிரிந்தன. தவறு முதலில் அரண்மனையில் இருந்தது. ஆனால் கதை அங்கே முடியவில்லை. மக்களின் குறையால் அரியணை ஏறிய எரொபவாம், அவர்கள் எருசலேமுக்குப் போனால் மனம் திரும்பிவிடுவர் என அஞ்சி, பெத்தேலிலும் தாணிலும் பொற்கன்றுகளை நிறுத்தினான். மக்களின் வலியால் வந்தவன், மக்களின் அச்சத்தால் ஆண்டான். மக்கள் பெயரால் நடக்கும் கவர்ச்சி அரசியலின் இலக்கணம் இதுதான்.

நுகமும் வேண்டாம், கன்றும் வேண்டாம் என்றால் வழி என்ன? கீழே உள்ள சிறு சமூகம் தானே செய்யக்கூடியதை மேலே உள்ள பெரிய அமைப்பு பறித்துக்கொள்ளலாகாது என 1931இல் திருத்தந்தை பதினொன்றாம் பத்திநாதர் கற்பித்தார். 1992இல் கையெழுத்தான மாசுட்ரிக்ட் உடன்படிக்கையிலும் இந்நெறி இடம்பெற்றது. ஏட்டில் எழுதியது மக்களின் அடுப்படி வரை வந்திருந்தால் ஐயம் இவ்வளவு வளர்ந்திருக்குமா? மறுபுறம், 2020இல் வெளியான ‘அனைவரும் உடன்பிறந்தோர்’ சுற்றுமடலில் திருத்தந்தை பிரான்சிசு, மக்களுக்கு உண்மையாய்த் தொண்டாற்றும் தலைமையையும் மக்களின் உணர்வைத் தன் நலத்துக்குப் பயன்படுத்தும் தலைமையையும் பிரித்துக் காட்டினார். ‘மக்கள்’ என்னும் சொல் புதியவருக்குக் கதவைத் திறந்தே வைத்திருக்கும். கதவை அடைத்துவிட்டால் அது வெறும் கூட்டமாகிவிடும்.

இந்த அளவுகோலை நம்மேலேயே வைத்துப் பார்ப்போம். 2011 டிசம்பரில் முல்லைப் பெரியாற்றுச் சிக்கல் முற்றியபோது, கேரளத்தில் தமிழ்த் தோட்டத் தொழிலாளர் அஞ்சி மலையிறங்கினர். தமிழகத்தில் மலையாளிகளின் கடைகள் தாக்கப்பட்டன. தேயிலை பறித்த பெண்ணோ, தேநீர் விற்ற மனிதரோ அணையின் நீர்மட்டத்தை முடிவு செய்தவர் அல்லர். தண்ணீருக்கான நம் உரிமை உண்மையானதே. 2014இல் உச்ச நீதிமன்றமும் 142 அடியை உறுதிசெய்தது. ஆனால் அந்நாள்களில் திருப்பலி முடிந்து கோவில் முற்றத்தில் நின்ற நாம், ‘அவர்கள்’ என்னும் சொல்லை எவ்வளவு எளிதாகச் சொன்னோம்! உரிமையைக் கேட்ட அதே வாயால் அடுத்தவரை அந்நியராக்கினோம். நம் நடுவிலும் ஒரு கன்று நின்றது; அதை நிறுத்த எரொபவாம் வரவேண்டியிருக்கவில்லை.

எல்லையைக் காட்டுவது கல்லின் வேலை, வழியை அடைப்பதன்று. நம் உரிமையில் நாம் குத்துக்கல்லாய் நிற்போம். நம் முன்னோரும் எங்கிருந்தோ வலசை வந்தவர்களே என்பதையும் மறவாதிருப்போம். அடுத்த முறை ‘அவர்கள்’ என்று சொல்ல வாய் திறக்கும்போது, அச்சொல்லுக்குள் யாருடைய முகம் இருக்கிறது என்று ஒரு நொடி நின்று பார்ப்போம்.