பிறர் பிள்ளைக்குத் தந்தையானவர்



புனித சின்னப்பர் திமொத்தேயுவுக்கு எழுதிய முதலாம் நிருபத்தில், திருச்சபையில் பொறுப்பேற்க வருபவனிடம் இருக்கவேண்டிய தகைமைகளை எடுத்துச் சொல்கின்றார். அவற்றுள் ஒன்று நம்மில் பலரைச் சங்கடப்படுத்தக்கூடியது. வருகின்றவனுடைய வீட்டுக்குள் முதலில் எட்டிப் பார்க்கும்படி சொல்கின்றார் அப்போஸ்தலர். அவன் பிள்ளைகளை எப்படி வளர்த்தான் என்று கண்ட பின்னரே சபையை அவன் கையில் ஒப்படைக்கலாமா என்று யோசிக்க வேண்டுமாம்.

இந்த அளவுகோலை வைத்துக்கொண்டு ஒரு மனிதருடைய வாழ்வைப் பார்ப்போம். யூன் 30ஆந் திகதி அவர் இறந்த நாள். கரீபியன் தீவொன்றிலே அடிமையாகப் பிறந்தவர். எந்த அரசாங்கப் பதவியும் வகித்தவரல்லர். சீமாட்டிகளின் வீடுகளுக்குச் சென்று சிகையலங்காரம் செய்வது அவர் தொழில். பெயர் பியேர் தூசான். பிரெஞ்சு மொழியிலே ‘தூசான்’ என்றால் சகல புனிதர்களின் திருநாள்.

இன்று ஹெயிற்றி என வழங்கும் நாடு அன்று பிரான்சின் குடியேற்ற நாடாயிருந்தது. கரும்பும் கோப்பியும் அங்கே அடிமைகளின் வியர்வையில் விளைந்தன. அங்கே பெறார் என்ற குடும்பத்தாரின் தோட்டத்தில் பியேர் பிறந்தார். அவர்கள் கத்தோலிக்கர். சிறுவனை வீட்டு வேலைக்கு வைத்து, எழுத வாசிக்கவும் பழக விட்டார்கள். நாட்டில் குழப்பம் மூண்டபோது இளைய எஜமான் மனைவியோடும், பியேர், அவருடைய தங்கை றோசலி முதலான அடிமைகளோடும் நியூயோர்க்கில் தஞ்சமடைந்தார். அங்கே பியேரை ஒரு சிகையலங்காரக்காரரிடம் தொழில் பழக விட்டார். தோட்டத்தின் கதியைப் பார்த்து வரவென்று திரும்பிப் போன எஜமான் அங்கேயே இறந்துபோனார். நியூயோர்க்கில் அவர் வைத்திருந்த பணமும் அழிந்தது. விதவையான அம்மையாருக்கு ஒரு சதமும் மிஞ்சவில்லை.

இப்போது அடிமையின் கையில் தொழில் இருக்கிறது. எஜமானியின் கையில் ஒன்றுமில்லை. பியேர் என்ன செய்தார்? தம் உழைப்பினாலே அந்த வீட்டை நடத்தினார். அம்மையார் வெட்கப்படாதபடி, வெளியில் ஒருவருக்கும் தெரியாமல் நடத்தினார். 1807இல் மரணப்படுக்கையிலிருந்து அம்மையார் அவருக்கு விடுதலைப் பத்திரம் கொடுக்கும் வரைக்கும் அவர் அடிமையாகவே இருந்தார்.

இதை வாசிக்கும்போது சிலருக்குக் கோபம் வரும். அடிமைத்தனத்தை எதிர்த்து அவர் கொடி தூக்கவில்லையே, எஜமானிக்கே உழைத்துப் போட்டாரே என்று குறை கூறுவோர் இன்றும் உண்டு. அந்தக் கோபத்தை நான் தவறென்று சொல்லமாட்டேன். தாய்நாட்டில் ஓடிய இரத்தத்தை நினைத்து அவர் கிளர்ச்சிகளுக்கு ஒதுங்கியே நின்றார் என்பது உண்மை. ஆனால் அவருடைய பணம் எங்கே போயிற்று என்பதையும் பார்க்க வேண்டும். தங்கை றோசலியை விலைகொடுத்து மீட்டார். யூலியெற் என்ற பெண்ணை மீட்டு 1811இல் விவாகம் செய்தார். இன்னும் பலர் விடுதலை பெறவும் கொடுத்தார். நியூயோர்க் மாநிலத்தில் அடிமைத்தனம் முற்றாக ஒழிந்தது 1827இல். அதுவரை சட்டம் செய்யாததை அவருடைய சீப்பும் கத்தரிக்கோலும் ஒவ்வோர் ஆளாகச் செய்துகொண்டிருந்தன.

பியேருக்கும் யூலியெற்றுக்கும் பிள்ளைகள் இல்லை. 1815இல் றோசலி ஒரு பெண் குழந்தையைப் பெற்றாள். புருஷன் அவளைக் கைவிட்டான். சிறிது காலத்தில் சயரோகம் அவளைக் கொண்டுபோயிற்று. யுபேமி என்ற அந்தக் குழந்தையோ தேறுமா என்று எவரும் சொல்லமுடியாத நோஞ்சான். கணவனும் மனைவியும் அதைத் தங்கள் பிள்ளையாக ஏற்றுக்கொண்டார்கள். நல்ல காற்றுப் படட்டும் என்று பியேர் குழந்தையைத் தூக்கிக்கொண்டு திறந்த வெளிகளுக்குப் போவார். பிள்ளை பிழைத்தது.

அவருடைய நாள் எப்படிப்பட்டதென்று சற்று எண்ணிப்பாருங்கள். காலை ஆறு மணிக்குப் புனித இராயப்பர் ஆலயத்தில் பூசை. பல பத்தாண்டுகளாக இந்த வழக்கத்தை அவர் விடவில்லை. பிறகு வீடு வீடாகத் தொழில். சில நாட்களில் பதினாறு மணித்தியாலம் வரை. குதிரை வண்டிகளில் கறுப்பரை ஏற்றாத காலமாதலால் எல்லாம் கால்நடை. இடையிலே நோயாளிகள். மஞ்சட்காய்ச்சல் பரவி வீதிகளை மறித்துக் கட்டியபோது, மற்றவர்கள் ஊரைவிட்டு ஓட, இவர் தடையைத் தாண்டி உள்ளே போய்ச் சீக்காளிகளைப் பராமரித்தார். வீட்டிலே எப்போதும் யாராவது ஓர் அநாதைச் சிறுவன் சாப்பிட்டுத் தொழில் பழகிக்கொண்டிருப்பான். அருட்சகோதரிகள் நடத்திய அநாதைப் பிள்ளைகள் மடத்துக்குப் பணம் கொடுத்ததோடு, தெரிந்தவர்களிடம் சேர்த்தும் கொடுத்தார்.

இவ்வளவுக்கும் நடுவில் யுபேமி வாரந்தோறும் அவருக்கு ஒரு கடிதம் எழுதினாள். ஒரே வீட்டில் இருந்துகொண்டே எழுதினாள். பிரெஞ்சிலும் ஆங்கிலத்திலும் எழுதிப் பழகட்டும் என்று அவர் செய்த ஏற்பாடு அது. பள்ளியில் படித்ததையும், வீட்டில் நடந்ததையும், மாமாவுக்குத் தான் பட்ட நன்றியையும் பிள்ளை எழுதும். மாமா வாசிப்பார். சங்கீதம் படிக்கவும் வைத்தார். அநாதைப் பிள்ளைகளுக்குத் தின்பண்டம் வாங்கிப் போகும்போது இவளையும் கைபிடித்துக் கூட்டிப் போவார். தருமம் செய்வதைப் பிள்ளை பிரசங்கத்தில் கேட்டுப் படிக்கவில்லை. கூடப் போய்ப் படித்தாள்.

தந்தையரே, உங்களிடம் ஒன்று கேட்கலாமா? பங்குச் சபைக் கூட்டம், சங்கக் கூட்டம், திருநாள் ஆயத்தம் என்று இரவு ஒன்பதுக்கு வீடு திரும்பும் நம்மவர்களை எனக்குத் தெரியும். அவர்கள் செய்யும் தொண்டு பொய்யல்ல. ஆனால் மகன் எந்த வகுப்பில் படிக்கிறான் என்று கேட்டால் தாயின் முகத்தைப் பார்க்கிறவர்களும் அவர்களுக்குள் இருக்கிறார்கள். நேரமில்லை என்கிறார்கள். பதினாறு மணித்தியாலம் உழைத்த பியேருக்கு நேரம் எங்கிருந்து வந்தது?

1829இல் யுபேமிக்குத் தாயின் வியாதியே வந்தது. பதினான்கு வயதில் மரித்தாள். பியேர் நெடுநாள் தேறவில்லை. அவர் தேறத் தொடங்கியதும் அநாதைப் பிள்ளைகளின் நடுவில்தான். 1835இல் நியூயோர்க்கைப் பெருந்தீ எரித்தபோது அவருடைய சேமிப்பில் பெரும்பகுதி போயிற்று. நண்பர்கள் பணம் திரட்டிக் கொடுக்க வந்தார்கள். தம்மைவிடத் தேவைப்பட்டவர்கள் இருக்கிறார்கள் என்று சொல்லி மறுத்துவிட்டார்.

மறைக்கக்கூடாத இன்னொரு சம்பவமும் உண்டு. 1842இல், தாம் தாராளமாகக் கொடுத்துதவிய புனித பத்திரிசியார் பேராலயத்துக்கு அவர் போனபோது, வாசலில் நின்ற பணியாளன் கறுப்பர் என்று உள்ளே விட மறுத்தான். ஆலய நிருவாகிகளில் ஒருவர் வருந்தி மன்னிப்புக் கடிதம் எழுதினார். பியேர் திருச்சபையை விட்டுப் போகவில்லை. அவர் பொறுத்துக்கொண்டதை வைத்து வாசலில் நின்றவனை நாம் மன்னித்துவிடலாகாது. நம்முடைய ஆலயங்களிலும் யார் எங்கே இருக்கலாம் என்று சாதி பார்த்து ஒதுக்கிய நாட்கள் இருந்தன என்பதை முதியவர்கள் அறிவார்கள்.

1851இல் யூலியெற் இறந்தார். 1853இல் பியேரும் கண்மூடினார். இராயப்பர் ஆலயத்தில் நடந்த அடக்கப் பூசைக்கு வெள்ளையரும் கறுப்பரும், செல்வரும் ஏழைகளும் திரண்டு வந்தார்கள். மனைவியும் யுபேமியும் கிடந்த இடத்திலேயே, பழைய பத்திரிசியார் பேராலயத்துச் சேமக்காலையில் அவரையும் அடக்கினார்கள். 1990இல் அவருடைய எலும்புகளை எடுத்து, இன்றைய பத்திரிசியார் பேராலயத்தின் பீடத்துக்குக் கீழே பேராயர்கள் துயிலும் நிலவறையில் வைத்தார்கள். அங்கே வைக்கப்பட்ட முதற் பொதுநிலையினர் அவரே. 1996இல் பாப்பரசர் இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் அவரை வணக்கத்துக்குரியவர் என்று அறிவித்தார்.

யுபேமி இறந்து 24 ஆண்டுகள் உயிரோடிருந்தவர் பியேர். அவளுடைய கடிதங்களை அவர் எறிந்துவிடவில்லை. அவர் விட்டுச்சென்ற தாள்களோடு தாளாக அவை இருந்தன. ஒரு சிறுமி பிரெஞ்சிலும் ஆங்கிலத்திலும் எழுதிப் பழகிய அந்தக் கடிதங்கள், இன்று நியூயோர்க் பொது நூலகத்தில் இருக்கின்றன.