காணாமை எப்போது சான்றாகும்?

கண்ணுக்குத் தெரியாத ஒன்றை ‘இல்லை’ என்று சொல்லிவிடலாமா என்பது இந்தியத் தத்துவத்தில் பழைய வழக்கு. தரையில் குடம் இல்லை என்பதை அறிவது எப்படி? அந்த இன்மையையும் கண்ணே காண்கிறது என்றனர் நியாய மரபினர். குமாரில பட்டரின் வழிவந்த மீமாம்சகர்களோ அனுபலப்தி என்று அதற்குத் தனி அளவையே, அதாவது அறியும் வழியே, வகுத்தனர். மணிமேகலையின் சமயக்கணக்கர் காதை அடுக்கும் பத்து அளவைகளிலும் அபாவம் (இன்மை) உண்டு. ஒரு நிபந்தனையில் மட்டும் நியாய மரபினரும் குமாரிலரின் வழியினரும் ஒத்துப்போகின்றனர்: இருந்திருந்தால் தெரிந்திருக்கும் என்ற நிலையில்தான் காணாமை சான்றாகும். இருட்டறையில் குடம் தெரியவில்லை என்பதற்கு மதிப்பில்லை.

அவசர சிகிச்சைப் பிரிவில் எளிதில் மறந்துபோவது இந்த நிபந்தனைதான். கையை ஊன்றி விழுந்தவருக்கு மணிக்கட்டில் வலி. எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லை. கட்டைவிரலை விரித்து நிமிர்த்தினால் அதன் அடியில் ஒரு சிறு குழி விழும். அங்கே அழுத்தியதும் கையை வெடுக்கென்று இழுத்துக்கொள்கிறார். குழிக்கு அடியில் இருப்பது ஸ்காஃபாய்டு என்ற சிற்றெலும்பு. அதன் முறிவு முதல் நாள் படத்தில் தெரியாமல் போவது சகஜம். எனவே முறிவு இருப்பதாகவே கருதி, கையை அசையாமல் கட்டி, 10 முதல் 14 நாளில் மறுபடி படம் எடுக்கிறார்கள். வசதி இருந்தால் எம்ஆர்ஐ. கருதல் அளவை, அதாவது அனுமானம், இங்கே காட்சியை முந்துகிறது. முந்தத்தான் வேண்டும்: இந்த எலும்புக்கு ரத்தம் பெரும்பாலும் விரல் பக்கத்து முனை வழியாகவே வருகிறது, முறிவைத் தவறவிட்டால் மறுமுனை செத்துப்போகலாம்.

தோளிலும் படம் இப்படி ஏமாற்றலாம். தோள்மூட்டு பின்பக்கமாக நழுவுவது அரிது. வலிப்பு, மின் அதிர்ச்சி ஆகியவற்றுக்குப் பின் நேரும். முன்னிருந்து எடுத்த படம் ஏறக்குறைய இயல்பாகவே தோன்றும். உள்நோக்கித் திரும்பி நிற்கும் கையோ வெளிப்பக்கம் திரும்ப மறுக்கும். அக்குள் வழியாக இன்னொரு படம் எடுத்தால் விஷயம் தெரிந்துவிடும்.

இப்படியே போனால் விழுந்தவர் எல்லாருக்கும் கட்டுப் போட வேண்டாமா என்று கேட்கலாம். வேண்டாம், ஐயத்துக்கும் காரணம் வேண்டும். ஸ்காஃபாய்டு முறிந்திருந்தால் அந்தக் குழி பெரும்பாலும் வலிக்கும். ஆகவே அங்கே வலி இல்லாதது, முழுமுடிவு ஆகாவிட்டாலும், நல்ல சான்று. முதல் நாள் படத்துக்கு அந்தத் தகுதி கிடையாது. அறிக்கையில் ‘முறிவு இல்லை’ என்று எழுதுவது தவறு. ‘இந்தப் படத்தில் முறிவு தெரியவில்லை’ என்பதே சரி.