கூட்டமில்லாப் பருவத்தில் திருப்பயணம்

தமிழ்க் கத்தோலிக்கர் சந்தியாகப்பர் என்று வணங்கும் திருத்தூதர் யாக்கோபின் கல்லறை அமைந்திருப்பதாக நம்பப்படும் சந்தியாகோ தே கொம்போஸ்தெலா நகரை நோக்கி, முதுகில் பையுடன் நடந்து செல்லும் வழக்கம் ஐரோப்பாவில் ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேலாக நிலவி வருகிறது. காமினோ எனப்படும் இப்பாதைகளுள் பெயர்பெற்றது, பிரான்சின் தென்மேற்கு எல்லையில் தொடங்கிப் பிரனீசு மலையைக் கடந்து ஏறத்தாழ 780 கிலோமீட்டர் நீளும் பிரெஞ்சு வழியாகும். திருத்தூதரின் திருநாள் ஜூலை 25 என்பதாலும், விடுமுறைகள் அதையொட்டியே வருவதாலும் கோடையில் இவ்வழி நெரிசல் மிகுந்திருக்கும். 2023இல் மட்டும் 4 லட்சத்துக்கும் மேற்பட்டோர் பயண நிறைவுச் சான்று பெற்றனர். இந்நெரிசலைத் தவிர்த்து, இளவேனில் தொடங்கும் மார்ச்சிலோ இலையுதிரும் நவம்பரிலோ நடப்போரும் உள்ளனர். திருப்பயணத்தின் பயன் தனிமையில் விளைகிறதா, கூட்டத்தில் விளைகிறதா என்னும் பழைய வினாவை இவர்களது தேர்வு மீண்டும் எழுப்புகிறது.

நான்காம் நூற்றாண்டின் ஆயரான நீசா நகர்க் கிரகோரியார், எருசலேமுக்குச் சென்று திரும்பியவராயினும், இடம் பெயர்வதால் மட்டும் எவரும் இறைவனை நெருங்கிவிடுவதில்லை என்று தம் கடிதமொன்றில் வாதிட்டார். இவ்வாதத்தைப் பின்பற்றுவோருக்கு உள்ளத்தின் ஒருமையே முதன்மையானது. கூட்டம் அதைக் கலைக்கும் இடையூறு. இதற்கு மாறாக, மானிடவியலாளர் விக்டர் டர்னரும் எடித் டர்னரும் 1978இல் வெளியிட்ட நூலில், பதவி, செல்வம், குலம் ஆகிய படிநிலைகள் தற்காலிகமாகக் கரைந்து யாவரும் சமமாக உணரும் நிலையைத் திருப்பயணத்தின் உயிர்நாடியாகக் கண்டனர். கொம்யூனித்தாஸ் என்று அவர்கள் குறித்த அத்தோழமைக்கு உடன் நடப்போர் இன்றியமையாதவர்கள்.

கூட்டமில்லாப் பருவத்தின் நடைமுறையை உற்று நோக்கினால் இவ்விரு கருத்துகளும் எதிரெதிரானவை அல்ல என்பது புலப்படும். நவம்பர் முதல் மார்ச் இறுதிவரை பிரனீசின் உயரமான மலைப்பாதை பனியபாயம் கருதி மூடப்படுவதால், பயணி பள்ளத்தாக்கு வழியாகவே செல்ல வேண்டியிருக்கிறது. அல்பெர்கே எனப்படும் பயணியர் விடுதிகள் பலவும் பூட்டிக் கிடப்பதால், அடுத்த ஊரில் எக்கதவு திறந்திருக்கும் என்று உள்ளூர்க்காரரிடம் விசாரிக்காமல் அவரால் ஓரடியும் திட்டமிட முடிவதில்லை. மாலையில் நனைந்த காலணிகளைக் கழற்றி அடுப்பருகே உலர்த்தும் நேரத்தில், உடன் தங்குவோர் இருவரோ மூவரோ என்றால், இருக்கும் பருப்பையும் ரொட்டியையும் ஒன்றாகச் சமைத்துப் பகிர்ந்தே உண்கின்றனர். தனிமையை நாடி வந்தவர், கோடைப் பயணியைவிடவும் ஆழமாகப் பிறரைச் சார்ந்தவராகிறார். ஆள் குறையக் குறைய ஒவ்வொரு முகமும் தனித்துத் தெரிகிறது.

விருந்தோம்புவோரின் நிலையிலும் இதே உண்மை விளங்கும். வரும் விருந்தினர் ஒவ்வொருவரையும் கிறிஸ்துவாகவே ஏற்க வேண்டும் என்று ஆறாம் நூற்றாண்டில் புனித பெனடிக்ட் தம் துறவியர் ஒழுங்கின் 53ஆம் அதிகாரத்தில் விதித்தார். வரிசையில் நூறு பேர் நிற்கையில் இவ்விதியைக் காப்பது எளிதன்று. மழைநாளில் ஒருவர் மட்டும் வந்து கதவைத் தட்டும்போது அது முழுப் பொருளோடு நிறைவேறுகிறது. ஆயினும் அந்த ஒருவருக்காக விறகெரித்து விளக்கேற்றிக் காத்திருப்பது விடுதிப் பொறுப்பாளருக்குச் சுமையே. அச்சுமையை உணராமல், அமைதியைத் தமக்கு உரிய சலுகையாகக் கொள்பவர் எவ்வளவு தூரம் நடந்தாலும் திருப்பயணி ஆகமாட்டார். காணிக்கைப் பெட்டியில் தம்மால் இயன்றதை இட்டு, பாத்திரம் கழுவி, பின்வருபவருக்கு வழி சொல்லிச் செல்பவரே அப்பெயருக்கு உரியவர்.

எனவே பருவத்தைத் தேர்வது தன்னளவில் பக்தியின் அளவுகோல் ஆகாது. தனிமை தரும் சிறந்த கொடை, எதிர்ப்படும் மனிதரை முழுமையாகக் கவனிக்கும் பயிற்சியே. அக்கவனத்தைக் கோடையின் நெரிசலுக்குள்ளும் கொண்டு செல்ல முடியுமானால்தான், கூட்டத்தை விலகி நடந்ததற்கு அறநெறியில் நியாயம் உண்டு.