பிறந்த நாடும் புகுந்த நாடும்

ஒரு பெண்ணுக்கு வீடு எத்தனை என்று நம் ஊர்ப் பாட்டி எவரைக் கேட்டாலும், யோசிக்காமல் இரண்டு என்பாள். பிறந்த வீடு ஒன்று. புகுந்த வீடு ஒன்று. தீபாவளிக்குத் தாய் வீடு போய் வருகிறவளைப் பார்த்து, "நீ யார் பக்கம்?" என்று நாம் கேட்பதில்லை. அப்படிக் கேட்கிற மாமியார் இருந்தால், அவளைக் கொடுமைக்காரி என்றுதான் ஊர் சொல்லும். அதே கேள்வியை ஒரு சர்க்கார் கேட்டால் மட்டும் சட்டம் என்று தலை வணங்குகிறோம். இது சரிதானா?

எனக்கு இந்தச் சிந்தனையைத் தந்தவர் ஒரு நண்பர். ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியர். அவருடைய ஒரே மகன் ஜெர்மனியில் வேலை பார்க்கிறான். அந்நாட்டுப் பெண்ணை மணந்து, ஒரு குழந்தைக்கும் தகப்பனாகிவிட்டான். குடியுரிமை பெறுகிறவர்கள் பழைய குடியுரிமையைக் கைவிட வேண்டும் என்ற பொது விதியை ஜெர்மனி 2024 ஜூன் மாதத்தில் நீக்கிவிட்டது. நம் சட்டமோ இடம் கொடுப்பதில்லை. வேறொரு நாட்டுக் குடியுரிமையை விரும்பி ஏற்கிறவன் இந்தியக் குடிமகன் அல்ல என்கிறது 1955-ஆம் ஆண்டுச் சட்டம். பாஸ்போர்ட்டையும் ஒப்படைத்துவிட வேண்டும்.

"பெண்டாட்டி பிள்ளையோடு ஒரே நாட்டுக் குடிமகனாக இருக்க ஆசைப்படுகிறான், ஸார். அது நியாயம்தான். ஆனால் பெற்ற தாயைப் பார்க்க வருவதற்கு அவன் இன்னொருவர் அனுமதியைக் கேட்க வேண்டுமா?" என்றார் நண்பர்.

கல்யாணத்தையும் குடியுரிமையையும் முடிச்சுப் போடுவது இன்று நேற்று வந்த வழக்கமல்ல. அன்னியனை மணக்கும் அமெரிக்கப் பெண் கணவனின் நாட்டவளாகிவிடுவாள் என்று 1907-ல் அமெரிக்காவில் சட்டம் செய்தார்கள். கலிபோர்னியாவில் பிறந்த எதெல் மெக்கன்ஸி என்ற மாது 1909-ல் பிரிட்டிஷ் பிரஜை ஒருவரை மணந்து, கலிபோர்னியாவிலேயே குடித்தனம் நடத்தினார். ஓட்டுரிமைக்குப் பெயரைப் பதியச் சென்றபோது, நீ இந்நாட்டுப் பிரஜை அல்ல என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். 1915-ல் சுப்ரீம் கோர்ட்டும் அதையே உறுதி செய்தது. விளைவு தெரிந்து, விரும்பிச் செய்துகொண்ட கல்யாணம்தானே என்பது தீர்ப்பின் சாரம்.

1922-ல் அந்தச் சட்டம் தளர்ந்தது. ஆனாலும், குடியுரிமை பெறத் தகுதியில்லாதவர்கள் என்று ஒதுக்கப்பட்ட ஆசியர்களை மணந்த பெண்களுக்கு விமோசனம் இல்லை. இந்தியர்களும் அப்படி ஒதுக்கப்பட்டவர்களே என்று பகத் சிங் திண்ட் என்பவரின் வழக்கில் 1923-ல் தீர்ப்பாயிற்று. நம் தேசபக்தர் தாரக்நாத் தாஸின் மனைவி மேரி, பிறப்பால் அமெரிக்கர். ஓர் இந்தியரை மணந்ததால் சொந்த நாட்டிலேயே குடியுரிமை இழந்தார். அந்த விதி 1931-ல்தான் ஒழிந்தது. பிரிட்டனிலும் 1948 வரையில் ஏறக்குறைய இதே கதைதான். கல்யாணத்தால் மட்டும் ஒரு பெண்ணின் குடியுரிமை தானாக மாறக் கூடாது என்று ஐக்கிய நாடுகள் சபை 1957-ல் ஒப்பந்தம் செய்தது.

இந்தச் சட்டங்கள் எல்லாம் அன்பை அரிசி என்று நினைத்துவிட்டன. ஒரு வீட்டுக்கு ஒரு படி அளந்தால் மறு வீட்டுக்கு ஒரு படி குறைந்துவிடும் என்பது அவற்றின் கணக்கு. ஒரு தாய்க்கு இரண்டாவது குழந்தை பிறந்தால் முதல் குழந்தையின் பங்கு பாதியாகிவிடுகிறதா, என்ன?

ஆனால் எதிர்க்கட்சிக்கும் ஒரு நியாயம் உண்டு. அதை மறைக்கக் கூடாது. நாட்டுக்கு ஆபத்து வந்தால் மறு கதவு வழியே வெளியேறக் கூடியவன் ஒருவன். எது வந்தாலும் இங்கேயே கிடந்து அனுபவிக்க வேண்டியவன் ஒருவன். இருவருக்கும் ஒரே ஓட்டு என்றால் பின்னவன் மனம் வருந்தாதா? வருந்தும். விளைவைச் சுமக்கிறவன்தான் முடிவையும் செய்ய வேண்டும். ஆகவே ஓட்டும் பதவியும் வாழ்கிற நாட்டோடு நிற்கட்டும் என்றால் நான் மறுக்க மாட்டேன். புகுந்த வீட்டில் இருந்துகொண்டு பிறந்த வீட்டுப் பெட்டிச் சாவியைக் கேட்கிற பெண்ணை நாமும் ஒப்புவதில்லை. ஆனால் சாவி இல்லை என்பதற்காக வாசற்கதவையே அடைத்துவிடுவதா?

கதவு ஓரளவு திறந்துதான் இருக்கிறது. 2005-ல் செய்த சட்டத் திருத்தத்தின்படி, கடல் கடந்த இந்தியக் குடிமகன் என்று ஓர் அட்டை தருகிறார்கள். அதை வைத்திருப்பவர் ஆயுள் முழுவதும் விசா வாங்காமல் வந்து போகலாம், ஓட்டு இல்லை, விளைநிலம் வாங்க முடியாது. பெயரில் குடிமகன் உண்டு, உரிமையில் இல்லை. இந்தியரை மணந்த அன்னிய நாட்டவருக்கும், கல்யாணத்தைப் பதிவு செய்து இரண்டு ஆண்டு தொடர்ந்து வாழ்ந்த பிறகு அது கிடைக்கும். ஆனால் கல்யாணம் முறிந்தால் அட்டையும் ரத்தாகலாம். இங்கே வந்து நம் பேச்சைக் கற்று, பிள்ளைகளை வளர்த்த ஒருத்திக்குக் கணவன் மனம் மாறினால் ஊரில் நிற்கும் இடமும் ஆட்டம் காண்கிறது. அவன் எவ்வளவு கொடியவனானாலும் அவள் பொறுத்துக்கொண்டுதான் இருக்க வேண்டும் என்று சட்டமே சொல்லாமல் சொல்கிறது. மெக்கன்ஸி அம்மாளின் காலம் முற்றிலும் போய்விடவில்லை.

ஒரு நாடு தன்னிடம் வாழ்கிறவரிடம் வரி கேட்கலாம். சட்டத்துக்குக் கீழ்ப்படியச் சொல்லலாம். ஆபத்து வேளையில் உதவிக்கு அழைக்கலாம். இவையெல்லாம் கடமைகள். இவற்றைச் செய்கிறாரா, இல்லையா என்று கண்ணால் பார்க்க முடியும். ஆனால் மனத்துக்குள் எந்த மண்ணை நினைக்கிறார் என்று தோண்டிப் பார்க்கும் உரிமை எந்தச் சர்க்காருக்கும் இல்லை. பிறந்த வீட்டை மறந்துவிட்டேன் என்று கையெழுத்துப் போட்டுத் தருகிற மருமகளை நம்பி எந்தப் புத்திசாலி மாமியார் கொத்துச் சாவியைக் கொடுப்பாள்?