நட்டம் யாருடையது?

எங்களூரில் இருபது பேர் சேர்ந்து ஆளுக்கு இருபதாயிரம் ரூபா போட்டோம். என்னிடம் படித்த இளைஞன் ஒருவன் அதை முதலாக வைத்து வெல்டிங் பட்டறை தொடங்கினான். இலாபத்தில் பங்கு என்பதே பேச்சு. ஒன்றரை வருடத்தில் பட்டறை மூடப்பட்டது. இப்போது எங்களைக் கண்டால் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு வேறு ஒழுங்கையால் போகிறான்.

அவன் கடன்காரனா? முழாறபா முறையில் இலாபம் பேசிய விகிதப்படி பிரியும். நட்டம் வந்தால் முதல் போட்டவருக்குப் பணம் போகும், உழைத்தவனுக்கு உழைப்புப் போகும். மோசடியோ கவனயீனமோ இல்லையேல் அவனிடம் முதலைக் கேட்கவியலாது. எகிப்தின் மித் கம்ரில் 1963இல் அஹ்மத் அந்நஜ்ஜார் தொடங்கிய வட்டியில்லாச் சேமிப்பு வங்கியும் இலாப நட்டப் பங்கையே அடிப்படையாகக் கொண்டிருந்தது.

வட்டி வாங்கவில்லை என்று பெருமைப்பட்டோம். ஆனால் முதல் பத்திரமாகத் திரும்பிவர வேண்டுமென்பது வட்டிக்காரனின் ஆசையல்லவா? பட்டறை மூடிய பின் அவனைக் கண்டபோது நான் சுகம் விசாரிக்கவில்லை; மெஷினை விற்றாயா என்றுதான் கேட்டேன். ஆசிரியர் கேட்கிற கேள்வியா அது!

இருபது பேரில் ஒருவர் விதவை. இருபதாயிரம் அவருக்கு வெறும் நட்டமல்ல, ஒரு வருடச் சேமிப்பு. அவருடைய பங்கை மற்றப் பத்தொன்பது பேரும் ஏற்போம் என்று இதுவரை ஒருவரும் சொல்லவில்லை. நானுந்தான்.