குளக்கரைக் கயிறு

நவராத்திரி வந்தால் வேளிமலைக் குமாரசுவாமி எங்கள் தெருக்காரர் ஆகிவிடுவார். பத்மநாபபுரத்திலிருந்து திருவனந்தபுரத்துக்குச் சரஸ்வதி யானைமேல் வர, அவரும் சுசீந்திரம் முன்னுதித்த நங்கையும் பல்லக்கில் வருவார்கள். சரஸ்வதிக்குக் கோட்டைக்குள் நவராத்திரி மண்டபம், நங்கைக்குச் செந்திட்டை, முருகனுக்கு எங்கள் ஆரியசாலை தேவி கோவில். அந்தக் கோவிலுக்குக் கூப்பிடு தூரத்தில் ஒரு மொத்தக் கடையில் 31 வருஷம் கணக்கு எழுதினேன். வத்தல், மல்லி, புளி, கருப்பட்டி. அஷ்டமி சாயங்காலம் பேரேட்டையும் பேனாவையும் படிக்கல்லையும் பூஜைக்கு வைத்தால் விஜயதசமி காலையில்தான் எடுப்போம்.

2021 மே மாதம் ஒரு காலையில் வலது கையிலிருந்து பேனா நழுவியது. கை மரத்துப்போச்சு என்று எண்ணெய் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தேன். பேச்சு குழறிய பிறகுதான் ஆஸ்பத்திரி. ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசிக்கு நாலரை மணி நேரம்தான் கெடு. நான் போனது ஆறாவது மணியில். பேச்சு மெல்லத் திரும்பியது. கால் இழுத்து இழுத்து நடக்கிறது. கை திரும்பவில்லை.

பார்க்க வந்த தாய்மாமா நல்லெண்ணத்தில்தான் சொன்னார்: “அப்பருக்கே சூலை குடுத்தவன் அவன். நீ எதை மறந்தேன்னு யோசிச்சுப் பாரு மக்கா.” ராத்திரியெல்லாம் யோசித்தேன். மறந்தவை ஒன்றா இரண்டா? என் பாவப் பேரேட்டை நானே எழுதி நானே கூட்டிப் பார்த்தேன். ஒரு பக்கமும் நேர்படவில்லை.

வீட்டில் மனைவி வேறு விதமாகச் சொன்னாள்: “பகவான் ஓய்வு குடுத்திருக்கான், இருங்க.” மாமாவின் பேச்சைவிட இதுதான் என்னை அதிகம் உடைத்தது. தண்டனை என்றால் என்றைக்காவது முடியும். ஓய்வை அருள் என்று சொல்லிவிட்டால் அதை மறுக்க வாய் வராதே.

அப்பர் கதையைப் பெரியபுராணத்தில் திரும்பப் படித்தேன். சமணப் பள்ளியில் தருமசேனர் என்று பெயர் பெற்ற பெரிய படிப்பாளி அவர். திருவதிகையில் அக்காள் திலகவதியாரிடம் வந்து, வயிற்றுவலியோடு முதல் பதிகம் பாடி நோய் நீங்கப் பெற்றார். மாமா அந்த இடத்தோடு நிறுத்திவிட்டார். அதற்குப் பிறகு அப்பர் கையில் எடுத்தது உழவாரம், புல் செதுக்கும் கருவி. போன கோவிலெல்லாம் பிரகாரத்தில் முளைத்த புல்லைச் செதுக்கினார். நோய்தான் கடனென்றால் அது திருவதிகையிலேயே தீர்ந்துபோயிற்று. பிறகு எதற்குச் சாகும்வரை அந்த உழவாரம்? வேலை அவருக்கு அபராதமாகவும் வரவில்லை, கூலியாகவும் வரவில்லை. அன்பு வைத்தவருக்குக் கை சும்மா இருக்கவில்லை, அவ்வளவுதான்.

ஆனால் அப்பர் குணமான பிறகல்லவா செதுக்கினார்! எனக்குக் குணமாகவில்லையே. இந்த முள் பல மாதம் குத்தியது. அதை எடுத்தவர் அதே புராணத்தில் வரும் தண்டியடிகள்.

திருவாரூர்க்காரர், பிறவியிலேயே பார்வை இல்லாதவர். கோவிலுக்கு மேற்கே குளம் தூர்ந்து சுருங்கிக்கொண்டு வந்தது. தோண்டிப் பெருக்க நினைத்தார். குளத்துக்குள் ஒரு தறி, கரையில் ஒரு தறி நட்டு நடுவே கயிறு கட்டினார். கயிற்றைத் தடவிக்கொண்டே இறங்கி மண்ணை வெட்டி, கூடையில் சுமந்து, கயிற்றைத் தடவிக்கொண்டே ஏறிக் கொட்டினார். பரிகாசம் செய்தவர்கள் உண்டு. பார்வை கிடைத்தது அப்புறம்.

எல்லோரும் பார்வை கிடைத்த அற்புதத்தைச் சொல்கிறார்கள். எனக்கு அந்தக் கயிறுதான் அற்புதம். பார்வை வரட்டும், பிறகு தோண்டலாம் என்று அவர் உட்கார்ந்திருக்கவில்லை. தன்னால் எது முடியாது என்பதை மறைக்கவும் இல்லை. அந்த முடியாமையை அளந்து பார்த்துத்தான் தறி நட்டார். கயிறு கட்டிக்கொண்டதால் அவர் தொண்டு ஒரு கூடை மண்ணளவுகூடக் குறைந்ததாகச் சேக்கிழார் சொல்லவில்லை.

2022 நவராத்திரியில் கடை முதலாளி வீட்டுக்கு வந்தார். பழைய முதலாளியின் மகன், நான் பார்க்க வளர்ந்த பிள்ளை. “அண்ணாச்சி, மச்சு ஏற வேண்டாம். கீழயே மேசை போட்டா எழுதுவியளா?” என்றார். அதற்குள் நான் இடது கையால் பாத்திரத்தில் அரிசி பரப்பி விரலால் எண் எழுதிப் பழகியிருந்தேன். விஜயதசமிக்கு ஏடு தொடங்கும் பிள்ளைகள் எழுதுவதுபோலத்தான், ஐம்பத்தைந்து வயதில்.

எனக்குக் கட்டிய கயிறு இவ்வளவே: கீழ்த்தளத்தில் மேசை, இடது பக்கம் வெளிச்சம், தாள் நகராமல் அழுத்த ஒரு கிலோ படிக்கல். பேரேடு இப்போது கம்ப்யூட்டரில் ஒரு பையனிடம். சரக்கு இறங்கும்போது மூட்டை எண்ணிச் சீட்டு எழுதி, அவன் கணக்கோடு ஒத்துப் பார்ப்பது என் வேலை. பாதி நாள், அதற்குத் தக்க சம்பளம். தருமசேனர் புல் செதுக்கினார், எனக்கென்ன குறை?

அரசு வேலையில் இருப்பவர் இடையில் ஊனமுற்றால் அவரை நீக்கக்கூடாது, பதவி இறக்கக்கூடாது என்று 2016-ம் வருஷத்து மாற்றுத்திறனாளிகள் சட்டம் சொல்கிறது. அந்தக் காவல் எங்கள் மாதிரிக் கடைச் சிப்பந்திகளுக்கு இல்லை. இங்கே முதலாளியின் மனசுதான் சட்டம். அதனால் சாலைக் கம்போளத்திலும் ஆரியசாலையிலும் கடை வைத்திருப்பவர்களிடம் கேட்கிறேன். வரும் விஜயதசமிக்குப் பேரேட்டைப் பூஜையிலிருந்து எடுக்கும்போது, நோயில் விழுந்து வீட்டோடு கிடக்கும் உங்கள் ஆளையும் கூப்பிடுங்கள். குணமாகிவிட்டதா என்று கேட்க வேண்டாம். தறியை எங்கே நடட்டும் என்று கேளுங்கள்.